முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம்

ரெஜினாவின் வலது மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையால்தான் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாள். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் விரலைத் தன் பெயர்மேல் வைத்தாள். விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

“இது என் கையெய்த்துதான் டீச்சர். ஆனா மேல எய்திகீறத நான் பாக்கவே இல்ல.”

மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய டீச்சர். தலைமை ஆசிரியையை எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். வெளியே ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று பிரேக்கை விட்டது. அந்தப் ‘புஸ்’ சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்டது.

நான் வாசல் பக்கம் தண்ணீர் டிரம்மை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். ரெஜினாவின் பெயருக்கு ஐந்தாறு பெயர் தள்ளி என் கையெழுத்தும் இருந்தது. அதை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குழுவில் நான்

போன வாரம் இந்தப் பத்தியில் இறால் உரிக்கிற கொட்டகையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தவளின் மகள்தான் இந்த ரெஜினா. அதனால் என்னைப் பெரியம்மா என்பாள். அவள் வாயில் அது ‘பெரிம்மா’.

திருவொற்றியூரில் கடலுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே எங்கள் தெரு. தெருக்கோடியில் அஞ்சாவது வரைக்கும் உள்ள ஆரம்பப் பள்ளி. நான் முழுசாகப் படித்து முடித்த வகுப்பெல்லாம் அங்கேதான்.

ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருப்பார்கள். தலைவியாக ஒரு தாய்தான் வரவேண்டும். முன்னாள் மாணவர், சுய உதவிக் குழுப் பெண் என்று வெளியாட்களும் சிலர் உண்டு. எங்கள் சுய உதவிக் குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது, எனக்கு இல்லை. அப்படித்தான் என்னை அனுப்பினார்கள். திறமையைப் பார்த்து அனுப்பியதாக யாரும் நினைக்கவேண்டாம்.

நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தில் வாசல் பக்கமாக உட்காருவேன். டீ வந்தால் எடுத்துக் கொடுப்பேன், முடிந்ததும் டம்ளர்களைக் கழுவுவேன். அதுவே என் பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னாள் மாணவர் என்ற முறையில் வந்தவர் மணவாளன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. நல்ல மனிதர்தான். ரெஜினாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்த அன்று மட்டும் என் காதில் விழுகிற மாதிரி ஒன்று சொன்னார்.

“ஸ்கூல் நிர்வாகம்னா சும்மாவா? சட்டம் தெரியணும், பைல் தெரியணும். மீன் கூடைய எறக்கி வெச்சிட்டு வந்து உக்கார்ற வேலையா இது?”

ரெஜினாவுக்கும் அது கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே, “கூடைய வெளியதான் வெச்சிகீறேன் சார். நாத்தம் வராது,” என்றாள்.

உள்ளுக்குள் அவர் சொல்வது சரி என்றுதான் நினைத்தேன்.

நாலு மணி ஏலம்

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது.

கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. நாலு மணிக்குக் கரையில் சின்னப் படகுகளின் மீன் ஏலம். குழுவில் இருக்கும் தாய்மாரில் பாதிப் பேர் அந்த ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்கள். ஏலத்தைத் தவறவிட்டால் அன்றைக்குக் கூடை காலி. அதனால் மூன்றேமுக்கால் ஆனதும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

டீச்சர் பேசி முடித்து எழுத ஆரம்பிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே வந்ததுமே புத்தகத்தில் பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பேசியதை டீச்சர் பிறகு நிதானமாக மேலே எழுதுவார். முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம்.

அதுவரை இதில் ஒரு தவறும் நடந்ததில்லை. குழாய் ரிப்பேர், சத்துணவுக் கூடத்துக்கு வலை, கழிவறைக்குத் தாழ்ப்பாள் என்று எழுதியதெல்லாம் பேசியதுதான்.

நான் முதலில் சொன்ன தீர்மானம் எழுதிய வெள்ளிக்கிழமையும் அப்படியே. மூன்றாம் வகுப்பின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து டீச்சர் மேசைமேல் விழுந்திருந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். “பில்டிங் விஷயமா ஒண்ணு எழுதணும்மா,” என்றார் பெரிய டீச்சர். “எய்திக்கோங்க டீச்சர்,” என்று ரெஜினா கிளம்பினாள். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

நான் கிளம்பவில்லை. டம்ளர் கழுவ இருந்தேன். கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது டீச்சர் செல்போனைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்கு ஏலம் இல்லை, கூடை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும். ஆனால் நான் விரல் வைத்து மெதுவாகத்தான் படிப்பேன். டீச்சர் முன்னால் அப்படிப் படிக்க வெட்கம். “வரேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை

அடுத்த புதன்கிழமை பிள்ளைகளின் கையில் ஒரு துண்டுச்சீட்டு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதால், திங்கள் முதல் பள்ளி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் நடக்கும். மேலாண்மைக் குழு இதற்கு முழு மனதுடன் சம்மதித்திருக்கிறது.

ரெஜினா தெருமுனையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் சீட்டோடு வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன்.

“இன்னா தலிவி, ரோட்டுக்கு அந்தாண்ட அனுப்பிட்ட எங்க பசங்கள?”

“நான் எங்கடி அனுப்பினேன்?”

“முழு மனசோட சம்மதிச்சிகினியாமே. அர மனசு கூட இல்லியா?”

“பூ போட்டு சேர்ல உக்கார வெச்சா எதுல வேணா கையெய்த்து போட்ருவா போல.”

“படிச்சவள போட்டிருக்கணும். நாமதான் இவளுக்குக் கை தூக்கினோம்.”

ரெஜினா வாய்க்காரி. மீன் விலையில் அவளை ஜெயித்தவர் கிடையாது. அன்று சண்டைக்கு நிற்கவில்லை. கத்தியைக் கழுவி வைத்தாள், கூடையை என் கையில் கொடுக்கப் பார்த்தாள், பிறகு, “நீயும் வா பெரிம்மா,” என்று என்னையும் இழுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கு நடந்தாள். அப்படித்தான் அவள் கையில் அந்தச் செதிலோடு தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியது.

பெரிய டீச்சர் கடைசியில் வாய் திறந்தார். பெரம்பூரிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்.

“காரை விழுந்த நாள்லேருந்து எனக்குத் தூக்கம் இல்ல ரெஜினா. புள்ளைங்க தலையில விழுந்தா நான் என்ன செய்வேன்? ஆபீஸ்லேருந்து போன்ல ஒரு மாடல் தீர்மானம் அனுப்பினாங்க. அத அப்படியே எழுதிட்டேன். புள்ளைங்கள வெளியேத்தினா போதும்னுதான் பாத்தேன். ரோட்ட நெனைக்கல.”

“நீங்க ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோல வந்து எறங்கிடுறீங்க டீச்சர். உங்களுக்கு அந்த ரோடு தெரியாது.”

அதை ரெஜினா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. டீச்சர் பயந்தது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது. ரோட்டைத் தாண்டவும் வைக்க முடியாது. அவள் மகள் ஸ்டெபியும் இதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

கூட்ஸ் வண்டி

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் அதே வாரம் வெள்ளிக்கிழமை நான் நடந்துகொண்டது உங்களுக்கு விளங்காது.

நான் அஞ்சாவது முடித்தபோது ஆறாவதுக்குத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் பயமெல்லாம் லாரியால் இல்லை, கூட்ஸ் வண்டியால். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் வண்டி எங்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. மணி அடித்துவிடுமே என்று பிள்ளைகள் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போவோம். எண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாடை. உள்ளே நிழல் குளிர்ச்சியாக இருக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் அப்படிக் குனிந்து வெளியே வந்தபோது எதிரே என் அப்பா நின்றிருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். நான் வெளியே வந்து பாவாடையை உதறிய பிறகு வண்டி நகர்ந்தது. எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி முழுக்கக் கடந்து போகும்வரை விடவில்லை. பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தார். பையை ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான், என் படிப்பு அந்த ஆணியிலேயே நின்றது.

அப்பாவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரோட்டோரம்

வெள்ளிக்கிழமை காலையில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, கையில் ஹெல்மெட். கட்டடத்தைப் பூட்டி சாவி வாங்கிப்போக வந்திருந்தார். ரெஜினா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பெரிய டீச்சர், மணவாளன், நான், இன்னும் இரண்டு தாய்மார், பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் பத்துப் பேர் கூட இருந்தோம்.

“சார், அந்த ஸ்கூல எங்களுக்கு ஒரு தபா காட்டுங்கோ.”

“நான் பாத்துட்டுதாம்மா வந்தேன். நல்ல பில்டிங். ஃபேன் எல்லாம் இருக்கு.”

“நீங்க பைக்ல போய் பாத்தீங்க சார். இந்தப் பசங்களோட நடந்து போய்ப் பாக்கலாம். அஞ்சு நிமிசம்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வந்தார்.

எங்கள் ரோட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு மணி நேரமும் நிற்கும், அரை நாளும் நிற்கும். நிற்கிறபோது பார்த்தால் அது ரோடு மாதிரியே இருக்காது, இரும்புச் சுவர் மாதிரி இருக்கும். ஜனங்கள் இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து போவார்கள். டிரைவர் உட்காரும் உயரத்துக்கு, முன்னால் போகிற பெரிய ஆளுக்கே தலை மட்டும்தான் தெரியும்.

நாங்கள் ரோட்டோர மதிலை ஒட்டி நின்றோம். அதிகாரி இடைவெளி தேடினார். கொஞ்ச தூரம் முன்னால் போனார், கொஞ்சம் பின்னால் வந்தார். டீசல் புகையில் அவருக்கு இருமல் வந்தது.

“டிராபிக் போலீஸ் போடச் சொல்லலாம்,” என்றார்.

“தினம் வருவாங்களா சார்?” என்றாள் ரெஜினா.

ஸ்டெபியின் கை என் கையில் இருந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தைக்கு அலுப்பு. கையை உருவிக்கொண்டாள். என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்குள், முன்னால் நின்ற லாரியின் நடுவில், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். அவசரமே இல்லை. அந்தப் பக்கம் அவள் அத்தை வீடு. பலமுறை போன வழி என்று அந்தக் குனிவைப் பார்த்ததுமே தெரிந்தது.

‘புஸ்’ என்று பிரேக் விடுகிற சத்தம் கேட்டது.

நான் கத்தினேன். என்ன வார்த்தை என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. புத்தகப்பையின் வார் கையில் சிக்கியது. இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்தோம். பின் சக்கரங்கள் ஒரு முழம் உருண்டு நின்றன. வரிசை அவ்வளவுதான் நகர்ந்தது.

ஸ்டெபி அழவில்லை. “ஏன் ஆயா இஸ்த்த?” என்று கேட்டாள்.

ரெஜினா மகளைத் தூக்கிக்கொண்டாள். மணவாளன் மற்றப் பிள்ளைகளை மதிலோரம் ஒதுக்கி நிறுத்தினார். பெரிய டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதிகாரியின் கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்திருந்தது, அவர் எடுக்கவில்லை.

எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பேன்.

“சார், நான் இந்த மாதிரிதான் அஞ்சாவதோட நின்னேன். அன்னைக்கி கூட்ஸு வண்டி. எங்கப்பா பாத்துட்டாரு, நிறுத்திட்டாரு. இந்தப் பசங்களையும் வூட்ல நிறுத்திடுவாங்க சார். இல்லாட்டி இந்த வழியா அனுப்புவாங்க. ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்.”

என் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இடுப்புச் சாவி

அதிகாரி ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

“சரிம்மா. ஆனா அந்தப் பில்டிங்ல ஒரு நாளும் உக்கார வைக்க முடியாது. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“அங்க உக்கார வெக்க சொல்லல சார்,” என்றாள் ரெஜினா. மகளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வலது இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவினாள். “எங்க ஊரு சபைக்கூடம். கல்யாணம், காதுகுத்துன்னா ஞாயித்துக்கெழமதான். மத்த நாளு சும்மாதான் கீது. பாத்ரூம் ரெண்டு கீது, தண்ணி கீது. ரோட்டுக்கு இந்தாண்ட. புதங்கெழம சாயங்காலமே பெரியவங்களக் கேட்டு சாவி வாங்கிட்டேன். புது பில்டிங் முடியற வரைக்கும் வெச்சிக்கோன்னுட்டாங்க.”

புதன்கிழமை தெருவே அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் இதைச் செய்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அதிகாரி போய்க் கூடத்தைப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். மேலே தகரத்தை அண்ணாந்து பார்த்தார். “பழைய தீர்மானத்த ரத்து பண்ணிப் புதுசா ஒண்ணு போட்டுக் கொடுங்க. சாயங்காலம் நானே வந்து வாங்கிட்டுப் போறேன்,” என்றார்.

விரல் வைத்துப் படித்தது

மூன்று மணிக்குக் கூட்டம். வழக்கம்போலப் புத்தகம் வந்தது. வழக்கம்போலப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட ஒருத்தி பேனாவை எடுத்தாள். ரெஜினா தன் கையால் அந்த இடத்தை மூடினாள்.

“எய்தி முடிச்சப்பறம்.”

“ஏலம் போய்டும்டி.”

“போவட்டும்.”

பெரிய டீச்சர் எழுந்தார். “இதுல தப்பு என்னுது,” என்றார். அத்தனை பேர் முன்னால், உட்காராமல், நின்றபடி சொன்னார். நான் எத்தனையோ மேஸ்திரிகளின் கீழ் வேலை பார்த்தவள். இப்படி ஒரு மேலதிகாரி சொல்லி நான் கேட்டதில்லை.

மணவாளன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நானும்தான் படிக்காம போட்டேன் டீச்சர். இத்தனை வருஷம் பைல் பாத்தவன்.” பிறகு தன் இரண்டு பேனாவில் நல்லதை எடுத்துத் தீர்மானத்தை எழுத உட்கார்ந்தார்.

எழுதி முடித்து டீச்சரிடம் நீட்டினார். ரெஜினா அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

“பெரிம்மா, நீ படி.”

“நானா? வேற யாராச்சும் படிக்கட்டும்மா. நான் நிறுத்தி நிறுத்தி…”

“அதான் வோணும். நீ கடகடன்னு படிச்சா எங்களுக்கு இன்னா புரியும்?”

விரலை வைத்தேன். முதல் வரியிலேயே ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று இருந்தது. இரண்டு முறை தடுக்கி நின்றேன்.

“இன்னா சார் அது, மேற்படி?” என்றாள் ரெஜினா.

“இந்த விஷயம்னு அர்த்தம்.”

“அப்ப அப்டியே எய்துங்க சார். பெரிம்மாக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்.”

மணவாளன் என்னைப் பார்த்தார். பிறகு அடித்துவிட்டு வேறு எழுதினார். இப்படி நாலு இடத்தில் அடித்தார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

கடைசி வரிக்கு வந்தேன். பிள்ளைகள் சபைக்கூடத்தில் படிப்பார்கள் என்பதோடு முடிந்திருந்தது. ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி மேலிருந்து விரல் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். மணி நாலாகிக்கொண்டிருந்தது.

“திரும்பி வர்றது எங்க கீது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“என்னம்மா?” என்றார் டீச்சர்.

“கூடத்துக்குப் போறது கீது. நம்ம ஸ்கூலு கட்டி முடிச்சா திரும்பி வருவாங்கன்னு எய்தலியே.”

மணவாளன் பேனாவைத் திறந்தார். புதுக் கட்டடம் இதே இடத்தில் கட்டப்பட வேண்டும், முடிந்ததும் பிள்ளைகள் இங்கேயே திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அதையும் படித்தேன். அதற்கப்புறம்தான் கையெழுத்து.

அன்றைக்கு ஏலம் போய்விட்டது. ரெஜினாவின் கூடை காலி. “வூட்ல ரசம்தான்,” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இப்போது

தீர்மானத்தை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் இப்போது சபைக்கூடத்தில் படிக்கிறார்கள். ஒரு மூலையில் கல்யாண நாற்காலிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன, அதற்கு முன்னால் மூன்றாம் வகுப்பு. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் டீச்சர் சொல்வது கேட்காது. அப்போது எழுத்து வேலை கொடுத்துவிடுவார். பழைய இடத்தில் தூண்கள் என் உயரத்துக்கு எழும்பியிருக்கின்றன. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கம்பி கட்டுகிறவர்கள் இப்போது என்னைக் கண்டால் அவர்களாகவே எவ்வளவு முடிந்தது என்று சொல்கிறார்கள்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்கிற வேலையா என்று மணவாளன் கேட்டாரே, அதற்குப் பதில் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பைல் தெரிந்தவர் வேண்டும். அவர் இல்லாமல் அந்தத் தீர்மானம் அலுவலகத்தில் செல்லுபடியாகியிருக்காது. ஆனால் அந்த ரோட்டில் எந்த லாரிக்கு அடியில் எந்தப் பிள்ளை குனிந்து போகும் என்று தெரிந்தவளும் அந்த மேசையில் இருக்கவேண்டும். படிக்காதவள் உட்கார்வதால் ஒன்றும் கெடுவதில்லை. அவள் உட்கார்ந்துகொண்டு, என்னைப் போல், கேட்காமல் எழுந்து போவதுதான் கெடுதல்.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் புதிதாக ஒரு தாய் வந்திருந்தாள். வெளியே கூடை, கூடையில் ஐஸ். கண் கடிகாரத்திலேயே இருந்தது. புத்தகத்தைக் கண்டதும், “எங்க போடணும்?” என்று கை நீட்டினாள்.

“இரு, பெரிம்மா படிக்கட்டும்,” என்றாள் ரெஜினா.

விரலை வைத்தேன். இப்போது வெட்கம் இல்லை, வேகம்தான் கூடவில்லை. பாதியில் ஒரு வார்த்தையில் நின்றேன். அந்தப் புதுப் பெண் பெருமூச்சு விட்டாள்.

“மெதுவாவே படி பெரிம்மா,” என்றாள் ரெஜினா. “மீனு ஐஸ்ல கீது.”

நான் கடைசி வரியைப் படித்து முடிக்கும் வரைக்கும் பேனா பெரிய டீச்சரின் கையிலேயே இருந்தது. முடித்ததும் மூடியைத் திறந்து, தலைவிக்குக்கூடக் கொடுக்காமல், வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டினார்.